கழற்றிய மூன்றாம் கம்பி

சனிக்கிழமை வீடு கூட்டித் துடைக்கும்போது கடைசியாகத்தான் கிதாரைத் துடைப்பேன். அது கூடத்துச் சுவரில், செத்துப்போன என் வீட்டுக்காரர் படத்துக்குப் பக்கத்தில் தொங்கும். துணியை மேலே கொண்டுபோனால் கம்பிகளை முறுக்கும் திருகுகள் ஆறும் கைக்குத் தட்டுப்படும். ஐந்து அசையாது. ஒன்று மட்டும் துணி பட்டதும் கடகடவென்று சும்மா சுற்றும், ஏனென்றால் அதில் கம்பி கிடையாது. கீழிருந்து எண்ணினால் மூன்றாவது கம்பி. அது அறுந்துபோகவில்லை. அவரே குறடு வைத்துக் கழற்றியது. அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்தவரை அதைத் திரும்ப மாட்டவில்லை. அந்த வெறும் திருகு சுற்றுகிற சத்தம் கேட்டால் எனக்குத் துடைக்கிற வேலை முடிந்தது என்று அர்த்தம். வயதான பிறகு அதற்குள்ளேயே மூச்சு வாங்கிவிடும். துணியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடுவேன்.

நன்னிலம் பக்கம் எங்கள் ஊர். திருவையாற்றுக்கு அருகிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தேன். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. படிப்பு நின்றதைவிட வாய் திறக்காததுதான் எனக்குப் பெரிய குறையாக எல்லோரும் சொன்னார்கள். பெண் பார்க்க வந்தபோது கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன். கோயிலில் பாட்டு நடக்கும்போது உதட்டை மட்டும் அசைப்பேன், சத்தம் வராது. என் மாமியார் அதற்கு நேர்மாறு. மாதர் சங்கத்தில் அவர்கள் ஜெபம் பண்ணினால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களும் ஆமென் சொல்லலாம். "எம் மருமவளுக்குத் தொண்டையில ஆண்டவர் தாழ்ப்பாள் போட்டுட்டார், தொறவுகோலை எங்க வச்சாருன்னுதான் தெரியல" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வராது. சொன்னது உண்மைதானே.

என் வீட்டுக்காரர் ரைஸ் மில்லில் மோட்டார் பார்த்தார். நெல் அவிக்கிற வாசனை அவர் சட்டையில் எப்போதும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சவக்காரம் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டு, கிதாரோடு கோயிலுக்குப் போவார். மிஷன் ஹாஸ்டலில் படித்த காலத்தில் கற்றுக்கொண்டது. இடது கை விரல்கள் கம்பிகளின்மேல் ஓடுவதை நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். கணவனை வெளிப்படையாகப் பார்க்க எனக்குக் கிடைத்த இடம் அது ஒன்றுதான்.

அந்தக் கையைத்தான் மில் பெல்ட் இழுத்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது நடுவிரலும் மோதிர விரலும் இல்லை. சுண்டுவிரல் இருந்தது, ஆனால் மடங்காது. சுட்டுவிரல் ஒன்றுதான் மிச்சம். கிதாரைப் பரணில் ஏற்றிவிட்டார். மில்லில் காவல் வேலை கொடுத்தார்கள். சாப்பிடுவார், போவார், வருவார். வீட்டில் இரண்டு ஊமைகள் ஆகிவிட்டோம், மாமியார் மட்டும் எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துப் பேசினார்கள்.

ரொம்ப நாள் கழித்து, விற்றுவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிதாரைத் தஞ்சாவூருக்கு எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் கிதாரோடேயே திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்தால் பழைய ஞாயிற்றுக்கிழமை முகம். கூடத்தில் உட்கார்ந்து, எந்தக் கம்பியையும் அழுத்தாமல் சும்மா மீட்டினார். வீடு முழுக்க நிறைந்தது. பிறகு மிச்சமிருந்த சுட்டுவிரலை எல்லாக் கம்பிகளின்மேலும் குறுக்கே படுக்கவைத்து மீட்டினார். அதுவும் நிறைந்தது. விரலை மேலே கீழே நகர்த்த நகர்த்த ஒவ்வொரு இடத்திலும் சுருதி கூடி வந்தது. "கம்பியை எல்லாம் வேற மாதிரி முறுக்கிக் குடுத்தார் கடைக்காரர். ஓப்பன் டியூனிங்னு பேராம். ஒத்த வெரலு போதும்ங்கிறார்" என்றார். மாமியார் கட்டிலிலிருந்தபடி, "ஒத்த வெரலால இவ்வளவா? அப்ப இத்தனை வருசம் மத்த வெரலெல்லாம் சும்மா சம்பளம் வாங்கிருக்கு" என்றார்கள். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

கிறிஸ்துமஸ் பாட்டெல்லாம் அந்த ஒற்றை விரலால் வாசித்தார். ஊரே மெச்சியது. பிறகு, ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் வந்தது. எங்கள் சபையில் அந்த நாற்பது நாளும் பாடுவதெல்லாம் துக்கப் பாட்டு. முதல் வெள்ளிக்கிழமை அவர் மீட்டியதும் முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாடுகிறவர்கள் அழுகிற ராகத்தில் பாட, கிதார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சிரித்தது. இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் சாவு வீட்டில் ஒருத்தர் பல்லைக் காட்டினால் எப்படியிருக்கும் என்று தெரியும். குருவானவரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். ஆராதனை முடிந்ததும் ஐயர் அவர் தோளில் கை வைத்து, "ஈஸ்டர் வரைக்கும் ஓய்வெடுங்க தம்பி" என்றார். நல்ல மனுஷர், வேறு எப்படிச் சொல்வார்.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னது இது: "இந்தப் பெட்டிக்குச் சிரிக்க மட்டும்தான் தெரியுது. எந்த எடத்துல வெரலை வச்சாலும் சிரிக்கிது."

அதே சமயத்தில் மாமியாருக்கு உடம்பில் நீர் ஏறிவிட்டது. திருவாரூர் டாக்டர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும், மாமியாருக்கும் தெரியும். அவர்களுக்கு ஆசை ஒன்றே ஒன்று இருந்தது. அவர்களுடைய தகப்பனார் உபதேசியார், ஐயர் வராத ஊர்களில் ஜெபம் நடத்துகிறவர். அவர் அடக்க ஆராதனைக்கென்று ஒரு பாட்டு எழுதியிருந்தார். அது எந்தப் பாட்டுப் புத்தகத்திலும் இல்லை. முதல் பாதி பள்ளத்தில் இறங்குகிற மாதிரி போகும், இரண்டாம் பாதி மெல்ல மெல்லக் கரையேறும். அவர்கள் தகப்பனாரை எடுத்தபோது அதைத்தான் பாடினார்களாம். மாமனாரை எடுத்தபோது மாமியார் பாட, மகன் வாசித்தார். அப்போது எல்லா விரலும் இருந்தது.

"என்னைத் தூக்குறப்ப அந்தப் பாட்டுதான், நீதான் வாசிக்கணும்" என்றார்கள். அவர் மருந்துப் புட்டியை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "என்னடா, காதுலயும் வெரல் போயிடுச்சா?" என்றார்கள். அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அன்றிலிருந்து மில்லிலிருந்து வந்ததும் கிதாரோடு உட்கார்ந்துவிடுவார். சிரிப்பு எந்தக் கம்பியிலிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். மற்ற கம்பிகள் எல்லாம் இரண்டே சுரத்தை மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தன. மூன்றாவது கம்பி மட்டும் வேறு. அதைக் கொஞ்சம் தளர்த்தினார். உடனே கிதார் முழுக்க அழுதது. பாட்டின் முதல் பாதிக்கு அப்படியே பொருந்தியது. ஆனால் இரண்டாம் பாதியில் கரையேறுகிற இடம் வந்தபோதும் அது அழுதுகொண்டே இருந்தது. மறுபடி இறுக்கினால் முதல் பாதி கெட்டது. பாட்டு நடுவில் நிறுத்தித் திருகவா முடியும்? முன்னே என்றால் அந்த மற்ற விரல்கள் அந்தந்த இடத்தில் அழுத்தி அழுகையையும் சிரிப்பையும் மாற்றிவிடும். அதற்குத்தான் அவை சம்பளம் வாங்கின என்று இப்போது புரிந்தது. உள்ளே கட்டிலில் மாமியாருக்கு ஒவ்வொரு நாளும் மூச்சு ஒரு படி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கேட்டுக்கொண்டேதான் திருகுவார்.

ஒரு மத்தியானம் பொறுமை போய், குறடை எடுத்து அந்தக் கம்பியையே கழற்றி எறிந்தார். நான் அடுப்பங்கரையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். மாமியார் தூக்கத்தில்கூட அந்தப் பாட்டை முனகுவார்கள். அவர்களுக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்து, எனக்குத் தெரியாமலேயே அது என் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. முறத்தைத் தட்டுகிற கையோடு நானும் முனகிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் மீட்டினார். அந்தக் கம்பி இல்லாத சத்தத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு போன வீடு மாதிரி இருந்தது. அதன்மேல் என் முனகல் விழுந்ததும் அந்த வெறும் சத்தம் அழுதது. மீட்டுகிற கை நின்றது. நானும் நிறுத்திவிட்டேன்.

"நிறுத்தாத. பாடு."

"நான் ஒண்ணும் பாடலீங்க. அரிசி புடைக்கிறேன்."

"புடைச்சுக்கிட்டே பாடு."

முறத்தைப் பார்த்துக்கொண்டே பாடினேன். முதல் பாதியில் கிதார் என்னோடு இறங்கியது. இரண்டாம் பாதியில் குரல் ஏறியதும் அதுவும் கூடவே ஏறியது. அவர் விரல் எதையும் மாற்றவில்லை, குறுக்கே படுத்தபடி நகர்ந்தது, அவ்வளவுதான். அவர் அடுப்பங்கரை வாசலில் வந்து நின்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அந்தக் கம்பி இருந்தா அது சொல்றதுதான் சட்டம். அது இல்லேன்னா பாடுற கொரல் சொல்றதுதான். நீ அழுதா அழுவுது, நீ நிமிந்தா நிமிருது." பிறகு தயங்கி, "அம்மாவைத் தவிர இந்தப் பாட்டு முழுசாத் தெரிஞ்சது ஒனக்குத்தான்" என்றார்.

முறத்தைக் கீழே வைத்தேன். ஊர் கூடி நிற்கிற இடத்தில் நான் பாடுவதா? முடியாதுங்க என்றேன். அவர் கெஞ்சவில்லை. கையை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

மாமியார் காதுக்கு எதுவும் தப்பாது. மறுநாள் எங்களைக் கூப்பிட்டு, "செத்தப்புறம் எனக்கு என்ன கேக்கப்போவுது? இப்பவே பாடுங்க. சரியில்லேன்னா திருத்தலாம்ல" என்றார்கள். கதவைச் சாத்தினேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். அவர் மீட்ட, நான் பாடினேன். சுவர்தானே என்று நினைத்ததாலோ என்னவோ, சத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டேன்.

அந்த வழியாகக் கோயில்பிள்ளை போயிருக்கிறார். கோயிலைப் பெருக்கி மணியடிக்கிறவர் அவர். எங்கள் ஊரில் யாராவது இறந்தால் மணியை விட்டு விட்டு ஒற்றை ஒற்றையாக அடிப்பார்கள். எங்கள் வீடு, படுத்த படுக்கையாக மாமியார், உள்ளேயிருந்து உபதேசியார் பாட்டு. மனுஷர் வேறு எதையும் விசாரிக்கவில்லை. நேரே போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டார்.

டங் என்றது. இடைவெளி விட்டு மறுபடி டங். மாமியார் கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தச் சொன்னார்கள். காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "பாவம், யாருடி போனது? யாரும் சீக்குன்னு கேள்விப்படலியே" என்றார்கள்.

நான் எட்டிப் பார்க்கப் போவதற்குள் வாசலில் அழுகுரல். கோடை நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் முழங்கால் சேற்றோடு அப்படியே ஓடி வந்திருந்தார்கள். முன்னால் வந்தவள், "பெரியம்மா, போயிட்டியா" என்று மார்பில் அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். கட்டிலில் மாமியார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தானா அது?" என்றார்கள்.

மார்பில் அடித்த கை அப்படியே நின்றது. பின்னால் வந்தவர்கள் அவள்மேல் மோதிக்கொண்டு நின்றார்கள். ஐயர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, அங்கியை மாட்டியபடியே வந்தார். கோயில்பிள்ளை தூணுக்குப் பின்னால் ஒளிந்தார். "வாய்யா இங்க. என்னை அனுப்புறதுல ஒனக்கு என்ன இவ்வளவு அவசரம்?" என்று மாமியார் கேட்டதும் சேறு தெறிக்க எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு மாமியார், "வந்ததுதான் வந்தீங்க, உக்காருங்க. எம் மருமவ பாடுவா. கேட்டுட்டு நடவுக்குப் போங்க" என்றார்கள்.

ஓட இடமில்லை. வாசலை அடைத்துக்கொண்டு ஊர் உட்கார்ந்திருந்தது. மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பாடினேன். சுண்ணாம்பு உரிந்த ஓர் இடம் கண்ணுக்கு நேரே இருந்தது, இன்றைக்கும் அதன் வடிவம் நினைவிருக்கிறது. பாடி முடித்தேன். திரும்பிப் பார்த்தால் மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் சத்தமாப் பாடுடி. அன்னைக்கு நான் பெட்டிக்குள்ள இருப்பேன்ல" என்றார்கள்.

நட்ட பயிர் பச்சை பிடிக்கிற சமயம் அவர்கள் போய்விட்டார்கள். கோயில்பிள்ளை மணியடிக்கப் போகுமுன் எங்கள் வாசலில் வந்து நின்று, "இப்ப நெசந்தானேக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அடக்கத்தன்று சுவர் இல்லை. கல்லறைத் தோட்டத்து வெட்டவெளி. வீட்டுக்காரருடைய அந்த ஒற்றை விரலை மட்டும் பார்த்துக்கொண்டு பாடினேன். அது நகர நகர நானும் நகர்ந்தேன். அவர் சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டார். அவர் வாய்விட்டுச் சொல்லாத வாக்கு அது.

அதோடு முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. அடுத்த சாவுக்குக் கூப்பிட்டார்கள், அதற்கு அடுத்ததற்கும். பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆள் வந்தது. வேண்டாம் என்று சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வராது. கிதாரை உரச் சாக்கில் சுற்றிக்கொண்டு அவர் முன்னே, நான் பின்னே, வரப்பில் நடப்போம். எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி நின்று, "எந்த வீடு?" என்று கேட்பார்கள். கல்யாண வீட்டுக்கு அந்தக் கிதாரை எடுத்துப்போக முடியாமல் போயிற்று. பார்த்ததும் முகம் சுளிப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. சபையில் எத்தனை முகம் மண்ணுக்குள் போனதோ அத்தனைக்கும் பாடியிருக்கிறேன். ஒரு சின்னக் குழந்தையின் பெட்டி முன்னால் எனக்குக் குரலே வரவில்லை. அவர் காத்திருந்து பார்த்துவிட்டு, வெறும் கம்பிகளை மட்டும் மீட்டிக்கொண்டே இருந்தார். அழுகையும் இல்லாத, ஆறுதலும் இல்லாத அந்தச் சத்தம் அன்றைக்கு மட்டும் சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்தால் தொண்டை வைக்கோல் மாதிரி இருக்கும். கால் கழுவி, ஒரு வாய் சோறு உண்டு, பேசாமல் படுத்துவிடுவோம். அலுப்பு என்றால் அது உடம்பு அலுப்பு மட்டும் இல்லை. மற்றவர்கள் ஒரு துக்கத்தை ஒரு தரம் அழுது முடிப்பார்கள். எங்களுக்கு அது தொழில் மாதிரி ஆகிவிட்டது.

"ஒரு கம்பி எங்கே?" என்று யாராவது கேட்டால், அவர் என் பக்கம் கையைக் காட்டி, "இவகிட்ட இருக்கு" என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

முந்தின வருஷம் அவரும் போனார். பிற்பாடு பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வந்து எல்லாம் குறையில்லாமல் செய்தார்கள். கீபோர்டு வந்தது, ஸ்பீக்கர் பெட்டி வந்தது, டவுனிலிருந்து பாடுகிறவர்கள் வந்து புத்தகத்திலிருந்த பாட்டுகளை நன்றாகப் பாடினார்கள். ஒருத்தர் என்னிடம் குனிந்து, "நீங்க அந்தப் பாட்டைப் பாடுறீங்களாம்மா?" என்று கேட்டார். மாட்டேன் என்று தலையாட்டினேன். கிதார் சுவரில் இருந்தது, விரல் பெட்டிக்குள் இருந்தது. எதைப் பார்த்துக்கொண்டு பாட? ஊருக்கெல்லாம் பாடின பாட்டு அவருக்கு இல்லாமல் போயிற்று. சாப்பாடு எடுத்து வாயருகில் கொண்டுபோகும்போது அந்த நினைப்பு வரும். அப்படியே வைத்துவிடுவேன்.

போன சனிக்கிழமை புது ஐயரம்மா வந்தது. ஐயருடைய மனைவி, சின்ன வயது, நன்றாகப் பாடும், வாசிக்கும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிதார் வேண்டும், தருவீர்களா என்று கேட்டது. எடுத்துக்கொள்ளம்மா என்றேன். எனக்கும் துடைத்துத் துடைத்துக் கை சலித்துவிட்டது. திருவாரூரில் வாங்கிய கம்பி ஒன்றைப் பையில் கொண்டு வந்திருந்தது. கூடத்தில் உட்கார்ந்து, வெறும் திருகில் அதை மாட்டியது. மற்றவற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆச்சரியமாக, "பாட்டி, இது ஓப்பன் டியூனிங்ல இருக்கு. இதுல ஒத்த வெரலால மைனர் கார்டு வராதே. சோகப் பாட்டுக்கு அதுதானே வேணும்? தாத்தா எப்படி வாசிச்சாங்க?" என்றது. "அவர் வச்சபடியே வச்சுக்கம்மா" என்று மட்டும் சொன்னேன். கைப்பேசியில் சுருதி பார்த்துக்கொண்டே முறுக்கியது. முடித்து, எதையும் அழுத்தாமல் மீட்டியது.

வீடு முழுக்க நிறைந்தது. தஞ்சாவூரிலிருந்து அவர் திரும்பி வந்த சாயங்காலத்துச் சிரிப்பு. நான் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். ஐயரம்மா பயந்து, "தண்ணி வேணுமா பாட்டி?" என்றது. வேண்டாம் என்றேன்.

"இப்ப மாட்டுனியே, அந்தக் கம்பி மட்டும் பேசாதபடி வெரலால தொட்டுப் பிடிச்சுக்கம்மா. மத்ததை மீட்டு."

அது ஒரு விரலால் கம்பியைத் தொட்டு அமர்த்திவிட்டு மீட்டியது. சாமான் போன வீட்டுச் சத்தம் வந்தது. சுவரைப் பார்த்தேன். கிதார் இருந்த இடத்தில் அதன் வடிவத்தில் சுவர் வெளுத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே முதல் பாதியைப் பாடினேன். குரல் முன்னே மாதிரி இல்லை, நடுங்கியது. ஆனாலும் அந்தக் குரல் அழச் சொன்ன இடத்தில் கம்பிகள் அழுதன. ஐயரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தது, கை நிற்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது.

முதல் பாதி முடிகிற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரி பாத்திரம் தேய்த்த கையோடு வாசலுக்கு ஓடி வந்தாள். அந்தப் பாட்டு அவளுக்கும் தெரியும், அவள் தகப்பனாருக்குப் பாடியிருக்கிறேன்.

"என்னக்கா? யாரு போனது?"

"எங்க வீட்டுக்காரர்" என்றேன்.

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்து, அதையே முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். ஐயரம்மா கம்பியைப் பிடித்த விரலை எடுக்கவில்லை, மீட்டிக்கொண்டே எனக்காகக் காத்திருந்தது. இரண்டாம் பாதி இன்னும் பாக்கி இருந்தது.